அந்திக்காலத்துக்கோர் இல்லம்

நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர். மறைமாவட்டப் பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் துணைவியாரும் ஆசிரியைதான். பிள்ளைகள் இருவர், ஒருவர் கனடாவில், மற்றவர் பெங்களூரில். பிள்ளைகளுக்குச் சுமையாக இருத்தல் கூடாது என்று கணவனும் மனைவியும் தாமாகவே முடிவு செய்து, பூர்வீக வீட்டை விற்று, கோவைக்கு அருகில் முதியோர்க்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்றில் பெருந்தொகையை வைப்பாகச் செலுத்திக் குடியேறினார்கள். இரண்டு ஆண்டுகள் யாதொரு குறையுமில்லை. வேளைக்கு உணவு, மாலையில் நடை, தோட்டம், நூலகம். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆசிரியர் அந்த இடத்தைப் புகழ்ந்தே பேசுவார்.

மூன்றாம் ஆண்டில் அந்த அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. நள்ளிரவில் எழுந்து, பள்ளிக்கூடத்து மணி அடித்துவிட்டதென்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். இருமுறை காவலாளி அழைத்து வந்தார். மூன்றாம் முறை நிர்வாகத்தார் ஆசிரியரை அலுவலகத்துக்கு அழைத்து, தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களுக்கே இந்தக் குடியிருப்பு என்றும், ஒரு மாதத்துக்குள் அம்மாவை வேறிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் பணிவாகவே கூறினார்கள். ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது. பதினான்காம் பிரிவு; அவர் கையொப்பமிட்ட பக்கம்.

அம்மா நாற்பது கல் தொலைவில் அருட்சகோதரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள். வீட்டுக்கு வேறு ஆள் வந்தால்தான் வைப்புத் தொகை திரும்பும் என்பதால் ஆசிரியர் அங்கேயே இருந்தார். ஐம்பத்தோர் ஆண்டுக் குடும்ப வாழ்வுக்குப் பின், புதனும் ஞாயிறும் பேருந்தேறிச் சென்று மனைவியைப் பார்த்துவர வேண்டிய நிலை. சென்ற தவக்காலத்தில் கோவில் முற்றத்தில் நம்மைக் கண்டு அவர் சொன்னது இதுதான்: "பெயரைப் போட வேண்டாம். ஆனால் பத்திரிகையில் எழுதுங்கள். நாங்கள் இடம் பார்க்கப் போனபோது பூந்தோட்டத்தைப் பார்த்தோம். படுக்கையில் விழுந்தவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவே இல்லை."

அவர் பொருட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் குடும்பங்களில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெற்றோரைக் கைவிடும் பாவம் என்பார்கள். கைவிடுதல் பாவமே, அதில் இரண்டாம் பேச்சில்லை. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று பெயரிட்டு ஒதுக்கிக்கொண்டவர்களை நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் காணலாம். ஆயினும், மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் மூன்றாம் மாடி வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தனியே அமர்த்தப்பட்டிருக்கும் தாய் கைவிடப்படவில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கூட வைத்திருப்பது வேறு, கவனித்துக்கொள்வது வேறு. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே தமிழகத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் அறுபதைக் கடந்தவர். பிள்ளைகளோ ஒன்றிரண்டு பேர், அவர்களும் அயலூரில். எனவே நல்ல இல்லம் தேடுவதைக் குற்றமென்று எண்ணாமல், மகளுக்கு வரன் பார்ப்பது போன்ற பொறுப்பென்று எண்ணுதல் நலம். வரன் பார்க்கையில் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்!

மூன்று படிகள்

முதுமை ஒரே நிலையன்று. எழுபது வயதில் சைக்கிள் மிதிப்பவர் எழுபத்தைந்தில் குளிப்பதற்குக் கைத்துணை தேடுவார். எண்பதில் படுக்கையோடு இருக்கலாம். மேலை நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், இம்மூன்று நிலைக்கும் ஒரே வளாகத்தில் ஏற்பாடு செய்யும் குடியிருப்புகள் நெடுங்காலமாக உள்ளன. தனி வீட்டில் தாமே வாழும் பகுதி, உடுத்தவும் குளிக்கவும் மருந்து உட்கொள்ளவும் உதவி பெறும் பகுதி, இரவு பகலாகச் செவிலியர் இருக்கும் பகுதி என மூன்று படிகள். பல இடங்களில் மறதிநோய் கண்டவர்களுக்கென நான்காவது பகுதியும் உண்டு. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு இறங்கும்போது ஊர் மாறுவதில்லை. கணவன் மனைவி பிரிய வேண்டியதில்லை. நடக்கும் தூரத்தில் இருப்பார்கள்.

இவ்வேற்பாட்டின் வேர் திருச்சபைகளின் அறப்பணியில் இருக்கிறது. முதியவர் தம் உடைமை முழுவதையும் ஓர் இல்லத்துக்குக் கொடுத்துவிட, இல்லம் அவரை இறுதிவரை காப்பதாக வாக்களிக்கும் வழக்கம் முன்பு அங்கே இருந்தது. பின்னாளில் அது நுழைவுத் தொகை, மாதக் கட்டணம் என்று மாறியது. இன்று அங்கே மூவகை ஒப்பந்தங்கள் உள்ளன. முதல் வகையில் நுழைவுத் தொகை மிக அதிகம். ஆனால் படுக்கையில் விழுந்தாலும் மாதக் கட்டணம் பெரிதும் ஏறாது. இரண்டாவதில் குறிப்பிட்ட நாள் வரைக்கும் செவிலியப் பராமரிப்பு அடக்கம். அதன்பின் தனிக் கட்டணம். மூன்றாவதில் நுழைவுத் தொகை குறைவு. பராமரிப்புத் தேவைப்படும் நாளில் அன்றைய விலையைக் கொடுக்க வேண்டும்.

இம்மூன்றாம் வகையே நம் நாட்டில் பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது என்பதை நம்மவர் உணர்வதில்லை. மாதம் இவ்வளவு என்று சொல்லும் கட்டணம் நடமாடுகிறவருக்கான கட்டணம். ஆயா வைத்தால் தனி, இரவுச் செவிலியர் தனி, மூக்குக் குழாய் வழியே உணவூட்டினால் அதுவும் தனி. ஆகையால் "இப்போது எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாமல், "என் தாய் எழுந்திருக்க முடியாத நாளில் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் எந்த அளவில் ஏறும், சென்ற ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு ஏறியது என்பதையும் கேட்கலாம். நல்ல நிர்வாகம் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளாது.

திருச்சபையின் பெயர் பலகையில் இருக்கிறதே, பின் என்ன கவலை என்பாரும் உண்டு. 1977இல் கலிபோர்னியாவில், மெதடிஸ்ட் சபையோடு தொடர்புடைய பசிபிக் ஹோம்ஸ் என்னும் நிறுவனம் திவாலாயிற்று. வாழ்நாள் பராமரிப்புக்கென முன்பணம் கட்டியிருந்த முதியவர்கள் வழக்குமன்றம் செல்ல நேர்ந்தது. அன்பில் குறைவில்லை, கணக்கில்தான் குறை. புதியவர்கள் கொண்டுவரும் பணத்தால் பழையவர்களைக் காப்பாற்றும் எந்த ஏற்பாடும், புதியவர் வரத்து நின்றால் சாயும். எனவே நம் சபையார் நடத்தும் இல்லமாயினும் வரவு செலவுத் தணிக்கை அறிக்கையைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

நேரில் காண வேண்டியவை

நாம் இவ்வாண்டில் ஏழு இல்லங்களுக்குச் சென்று வந்தோம். முன்னறிவிப்போடு சென்ற இடங்களில் நம்மைப் பூச்செண்டோடு வரவேற்றார்கள். முன்னறிவிப்பின்றிச் சென்ற இடங்களில்தான் நாம் கற்றுக்கொண்டோம். இடம் பார்க்கச் செல்வோர் முதலில் கேட்க வேண்டியது படுக்கை நோயாளர் பகுதி. காட்டத் தயங்கினால் திரும்பிவிடலாம். காட்டினால் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே செல்க. சிறுநீர் வாடை தேங்கி நிற்கிறதா? சாம்பிராணியும் பினாயிலும் அளவுக்கு மீறி மணக்கின்றனவா? முதியவர்களின் கைந்நகங்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருந்தால் அங்கே யாரோ ஒருவர் தினமும் அவர்களைத் தொட்டுப் பார்க்கிறார் என்று பொருள். அசையாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். யார் புரட்டுகிறார்கள், இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பகலில் பத்துப் பேரைக் காட்டிவிட்டு, இரவில் நாற்பது முதியவர்களுக்கு ஒரே ஓர் ஆயாவை வைத்திருக்கும் இடமும் உண்டு, கண்ணால் கண்டோம்.

குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா, தரை வழுக்குமா, படுக்கைக்கு எட்டும் தொலைவில் அழைப்பு மணி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். மணியை அழுத்தியும் பாருங்கள். நாம் ஓரிடத்தில் அழுத்தினோம்; பதினோரு நிமிடம் கழித்து ஒரு சிறுமி வந்து, "மணி வேலை செய்யுதா?" என்று நம்மையே வியப்போடு கேட்டாள். மின்தூக்கியில் தூக்குப் படுக்கை நுழையுமா என்பதும் முக்கியம். மாடியில் இறந்த ஒருவரை நாற்காலியில் அமர்த்தி இறக்கிய செய்தியை நம்மிடம் சொன்னவர் அந்த இல்லத்தின் ஊழியரே.

உணவு நேரத்தில் செல்லுங்கள். கூடுமானால் அவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள். கோவைப் பக்கத்துக் குடியிருப்புகள் பலவற்றில் சைவ உணவு மட்டுமே. அதில் தவறில்லை. ஆனால் தூத்துக்குடியிலும் குளச்சலிலும் பிறந்து எழுபது ஆண்டுகள் மீன் குழம்பு உண்ட நாவுக்கு, இனி ஒருநாளும் மீன் இல்லை என்பது சிறிய செய்தியன்று. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பல பெரியவர்கள் சொல்லாமலே விட்டு, பின்னர் உணவைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இயன்றால் பணம் கட்டுமுன் இரண்டு வாரம் தங்கிப் பார்க்கட்டும். யார் தங்கிப் பார்ப்பது? முதியவரே. நாம் விசாரித்த வரையில் மிகப் பெரிய துயரம் இங்கேதான் விளைகிறது. "கொஞ்ச நாள் இருங்கள் அம்மா, வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு அழைத்துப் போகிறோம்" என்று பொய் சொல்லிக் கொண்டுவந்து விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளையடித்து முடிந்ததா என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் அன்னையை நாம் கண்டோம். உண்மையைச் சொன்னால் அழுவார்கள், அழட்டும். பிள்ளைகளும் கூட இருந்து அழட்டும். அறிவு தெளிவாக இருக்கும் தாய் தந்தையரின் சம்மதமின்றி இடம் தெரிவு செய்ய எவருக்கும் உரிமையில்லை.

பத்திரங்கள்

விற்பனைப் பத்திரம், நீண்டகாலக் குத்தகை, வைப்புத் தொகை என இல்லத்துக்கு இல்லம் முறை மாறும். விலைக்கு வாங்கினாலும் ஐம்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் அங்கே குடியிருத்தல் கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். பிள்ளைக்கு வாரிசாக வரும் வீட்டில் பிள்ளை வாழ முடியாது, விற்கத்தான் முடியும். விற்கும்போது நிர்வாகத்துக்கு எவ்வளவு பங்கு, வைப்புத் தொகை எத்தனை நாளில் திரும்பும், ஒருவர் இறந்தால் மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா, எந்தக் காரணங்களுக்காக வெளியேறச் சொல்லலாம் என்னும் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். நம் ஆசிரியரை வீழ்த்தியது நான்காவது. 2016ஆம் ஆண்டின் கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டம் வீட்டைக் குறித்த வாக்குறுதிகளுக்குத் துணை நிற்கும். செவிலியர் வருவார் என்ற வாக்குறுதிக்கு ஒப்பந்தமே துணை. முதியோர் குடியிருப்புகளுக்கென 2019இல் நடுவணரசு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றை ஒருமுறை வாசித்துவிட்டுச் சென்றால் என்ன கேட்பது என்று விளங்கும்.

இன்னொன்று. இல்லத்தில் சேருமுன்னரே சொத்தைப் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடும் பெற்றோர் நம்மில் பலர். கொடுத்த கை பிறகு மாதக் கட்டணத்துக்கு ஏந்தி நிற்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்டு பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்விக்கலாம். அந்நிபந்தனை இருந்ததை நிலைநாட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் கூறியது. 2025 சனவரியில் மற்றொரு வழக்கில் சட்டத்தின் நோக்கத்தைத் தாராளமாக நோக்கி, தாய் ஒருவர் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. இத்தனை வழக்காடுவதைவிட, எழுதுவதாயின் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுதல் எளிது. இதனினும் எளிது உயிருள்ளவரை சொத்தைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு உயில் எழுதுவது. அதே சட்டத்தின்கீழ்ப் பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் பத்தாயிரம் ரூபாய்வரை ஆணையிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. முதியோர் உதவித் தொலைபேசி எண் 14567.

கோவிலும் கல்லறையும்

நம் மக்கள் கேட்க மறந்துவிடும் கேள்வி இது. கோவில் எவ்வளவு தூரம்? ஞாயிறு திருப்பலிக்கு வண்டி உண்டா? உள்ளூர்ப் பங்குத் தந்தை நற்கருணை கொண்டுவர நிர்வாகம் இசையுமா? பிற சமயத்தார் நடத்தும் இல்லங்களில் இதற்குத் தடை சொன்னவர்களை நாம் காணவில்லை. கேட்கத் தயங்கிய நம்மவர்களைத்தான் கண்டோம். புது ஊரில் பங்குத் தந்தையைச் சந்தித்துப் பங்கேட்டில் பெயர் பதிவு செய்வது முதல் வாரத்து வேலையாக இருக்கட்டும். நோயில்பூசுதல் சாகும் தறுவாய்க்கு மட்டும் உரியதன்று என்று 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதிய சடங்குமுறையை ஏற்படுத்திய பின்னும், குருவானவர் எண்ணெயோடு வந்தால் முடிவு வந்துவிட்டது என்று நம் முதியவர்கள் அஞ்சுகிறார்கள். அச்சத்தைப் பிள்ளைகள் முன்கூட்டியே போக்குதல் வேண்டும்.

அடக்கம் எங்கே? இதைப் பேசுவது அபசகுனம் என்று ஒதுக்குவதால், இறந்த அன்று மாலை பிள்ளைகள் கனடாவிலிருந்து தொலைபேசியில் விவாதிக்கிறார்கள். கல்லறை உரிமை பெரும்பாலும் பங்கைச் சார்ந்தது. சொந்தப் பங்கில் குடும்பக் கல்லறை இருந்து அங்கேயே துயில வேண்டும் என்ற விருப்பம் இருந்தால், ஊரைவிட்டுப் போகுமுன் பங்குத் தந்தையிடம் கேட்டு, சந்தா ஏதும் இருப்பின் தவறாமல் செலுத்தி, அதனைக் காகிதத்தில் எழுதி இல்லத்தாரிடம் ஒரு படி கொடுத்துவைக்க வேண்டும். குளிர்பெட்டிக்கு யாரை அழைப்பது என்பது உட்பட.

பணமில்லாதவர் என்ன செய்வார் என்று வாசகர் கேட்கக் கூடும். மேலே சொன்ன குடியிருப்புகள் ஓய்வூதியமோ சொத்தோ உள்ளவர்களுக்கே எட்டும். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் செயின்ட் செர்வான் என்னும் ஊரில், நாற்பத்தேழு வயது வேலைக்காரப் பெண் ஜீன் ஜூகன், கண் தெரியாமல் பாதி உடல் செயலற்றுக் கிடந்த ஒரு மூதாட்டியைத் தம் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து தம் கட்டிலையே கொடுத்தார்; தாம் மேல்பரணில் படுத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. தாம் தொடங்கிய சபையில் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு, யாரும் அறியாமல் வாழ்ந்து, 1879இல் அவர் இறந்தார். 2009 அக்டோபர் 11 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அச்சகோதரிகள் 1882இல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். சென்னையிலும் அவர்கள் இல்லம் இருக்கிறது. ஏழை முதியவர்களைக் கட்டணமின்றி ஏற்று, அவர்களுக்காகக் கடைதோறும் வீடுதோறும் சென்று பிச்சை ஏற்பது அவர்களது மரபு. நம் மறைமாவட்டங்களில் வேறு பல சபைகளும் இப்பணியைச் செய்கின்றன. இடம் குறைவு, காத்திருப்போர் அதிகம். எனவே தேவை வருமுன்னரே பங்குத் தந்தை வழியாகவோ வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாகவோ பெயர் கொடுத்து வைப்பது நல்லது. கட்டில்மேல் கிடப்பவரை ஏற்பார்களா என்ற கேள்வியை அங்கும் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் அவர்கள் நேராகவே பதில் சொல்லுகிறார்கள்.

நம் ஆசிரியரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். சென்ற ஆவணி மாதத்தில் மூன்றாவதாக ஓர் இடம் கிடைத்தது. மறதிநோய் கண்டவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அம்மா அங்கே. எதிர்க் கட்டடத்தில் ஆசிரியர். கட்டணம் முன்னதைவிட அதிகம். பெங்களூர் மகன் பகிர்ந்துகொள்கிறார். மாலை ஆறு மணிக்கு ஆசிரியர் போய் அமர்ந்து செபமாலை தொடங்குகிறார். தம்மை யாரென்று அம்மாவுக்கு எப்போதும் தெரிவதில்லை, ஆனால் பாதி மந்திரத்தை அவர்களே பிழையின்றிச் சொல்லி முடிக்கிறார்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். பழைய இடத்திலிருந்து வைப்புத் தொகை இன்னும் வரவில்லையாம்.